பத்து தசம் சைபர் நாலு

ஹட்டன் கிளையில் அடகுப் பகுதி
மாடிப்படிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத இடம்.
மழை பெய்கிறதா என்பதை
வருகிறவர்களின் குடையைப் பார்த்துத்தான் அறிவேன்.
ரூபாய் விழுகிறதா என்பதைத்
தராசைப் பார்த்து.

பவளக்கொடி மூன்றாம் முறை வந்த அன்று
அவளுடைய சங்கிலி எங்களிடம்தான் இருந்தது.
உறையைப் பிரித்து வைத்தேன்:
பத்து தசம் சைபர் நாலு கிராம்.
முதல் தடவை இதற்கு எழுபதாயிரம் கொடுத்தோம்,
கூரைத் தகரம், மகனின் டியூஷன் காசு.
அடுத்த வருஷம் தொண்ணூற்றையாயிரம்.
இன்றைக்கு, மிஷினே சொல்கிறது,
ஒரு இலட்சத்து முப்பதாயிரம்.
"பெட்டிக்குள்ள கெடந்தே குட்டி போட்டிருக்கே மிஸ்"
என்று சிரித்தாள். விரல்களில் கொழுந்துக் கறை.
நானும் சிரித்தேன்.
பழைய முதலையும் வட்டியையும் கழித்து
மிச்சத்தை எண்ணிக் கொடுத்தேன்.

சொல்லியிருக்கலாம்.
உறைக்குள் இருந்ததால் சங்கிலி தேயவில்லை அக்கா,
வெளியே இருந்ததுதான் தேய்ந்தது,
நீங்கள் மலையேறி வாங்கும் ஒரு பேரின் ஆயிரம் ரூபாய்.
பின்னால் ஆறு பேர் நின்றார்கள்.
சொல்லவில்லை.

அந்த மாதங்களில் கொழும்பிலும்
ஒரு கவுண்டர் திறந்திருந்தது போல.
தவணை கட்டக் கடன், அந்தக் கடனின் தவணைக்கு இன்னொன்று.
நான் அதை மறு அடகு என்று பதிவேன்.
அவர்களிடம் நீளமான சொற்கள் இருந்தன.
டொலர் தீர்ந்தது. காசு அடிக்கிறார்கள் என்று பேச்சு.
தாள் கூட இல்லை, திரையில் சில சைபர்கள்தான்
என்றார் மனேஜர், தேநீரை ஆற்றிக்கொண்டு.
அதே வாரம் கேஸ் சிலிண்டரோடு வீதியில் படுத்தவர்கள்
சைபரைக் கேட்டிருக்க மாட்டார்கள்.

பிறகு சித்திரை. வருஷப் பிறப்புக்கு முன்
ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் செய்தி வந்தது:
கொள்கை வட்டி ஒரே தாவலில் ஏழு.
"காய்ச்சலுக்கு மருந்து" என்றார் மனேஜர்.
இருக்கலாம். விலைகள் அப்படித்தான் கொதித்தன.
காய்ச்சல் யாரிடமிருந்து தொற்றியது என்பது
போத்தலில் எழுதியிருக்கவில்லை.

என் வீட்டிலும் ஒரு போத்தல்.
கொட்டகலையில் ஜெபநேசனின் பேக்கரி,
கடன் மிதக்கும் வட்டியில்.
கையெழுத்துப் போட்ட அன்று ஒன்பது சதவீதம்;
மலையில் மிதக்க என்ன இருக்கிறது, பனிமூட்டம் தவிர
என்று பகிடி பண்ணினோம்.
ஐப்பசியில் இருபத்தெட்டு.
பாண் விலையைக் கூட்டினான், பாதிப் பாண் திரும்பி வந்தது.
போறணையை வாரத்தில் மூன்று நாள் மூட்டுகிறான்.
மற்ற நாட்களில் அதன் வாயிலே உட்கார்ந்து
கல்குலேட்டரைத் தட்டுகிறான்.
பத்திரத்தில் என் கையெழுத்தும் உண்டு,
கொஞ்சம் சாய்ந்து.

ஏலப் பட்டியல் தயாரிக்கும் வாரம் அவள் வந்தாள்.
வட்டியைக் கட்டிப் புதுப்பிக்கலாம் என்றேன்.
பழைய சீட்டில் பதினொன்று,
புதுச் சீட்டில் எவ்வளவு என்று சொன்னேன்.
விரலில் பேர் நாட்களை எண்ணினாள்,
மற்றக் கையிலும் எண்ணினாள்,
விட்டாள்.
"ஒருக்கா நிறுத்துக் காட்டுங்க மிஸ்."

விதியில் இடமில்லை. நிறுத்தேன்.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குனிந்து
இலக்கங்களை ஒவ்வொன்றாக வாசித்தாள்,
கொழுந்து மடுவத்துத் தராசோடு
இருபத்தாறு வருஷம் சண்டை போட்ட கண்கள்.
பத்து. தசம். சைபர். நாலு.
"இதுல கொறைக்கல" என்றாள்.
குற்றம் இல்லை என்று தீர்த்தது
தராசையா, என்னையா, தெரியவில்லை.

அவள் போன பிறகு
நின்ற இடத்தில் குடை ஒழுகிய தண்ணீர்.
சங்கிலியை உறையிலிட்டு அரக்கு வைத்தேன்.
அடுத்த இலக்கத்தை அழைத்தேன்:
ஒரு சோடித் தோடு, குழந்தையினுடையது.